பயிற்சி முகாமும் பெற்றோர் மனமும்

(மூன்றாமாண்டு இளங்கலை, வரலாற்றுத் துறை)

படையில் சேரும் இளைஞனுக்கு அரசு பயிற்சி தருகிறது. காலணிக்கு மெருகேற்றுவது முதல் இருட்டில் திசை அறிவது வரை ஒவ்வொன்றும் வரிசையாகக் கற்பிக்கப்படுகிறது. அதற்கென ஆசிரியர், அட்டவணை, தேர்வு எல்லாம் உண்டு. அவனை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பும் தாய் தந்தையருக்கோ எவரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. பிள்ளை புறப்பட்ட நாளிலிருந்து அவன் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு நாள் வரையிலான மாதங்களை அவர்கள் ஊகத்தாலும் அச்சத்தாலும் கடக்கிறார்கள். அம்மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதை எழுதவே இக்கட்டுரை.

கல்லூரி ஆண்டு மலரில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் விளையாட்டுத் திடலில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகத்தான் ஓடுகிறார்கள். வேலூர் மாவட்டத்துக்கு இது புதிதன்று. கம்மவான்பேட்டையைப் போல் வீட்டுக்கொரு படைவீரரைக் கண்ட ஊர்கள் இங்கு உண்டு. அத்தகைய ஊரில் பக்கத்து வீட்டுப் பாட்டியே பயிற்சி முகாமைப் பற்றிப் பாடம் நடத்திவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகப் படைக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் அந்த அறிவு இராது. எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில் நின்றது. என் பெரியப்பா 1983இல் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி பெற்றவர். ஆனால் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கும் என் தாய்க்கு, அண்ணன்முறைக்காரர் பழங்கதை சொல்கிறார் என்று மட்டுமே தோன்றியது. சென்ற ஆண்டு என் தம்பி அக்னிவீரராகச் சேர்ந்தான். எந்த மையம் என்பதை எழுதவில்லை. பணியிலிருப்பவனின் இருப்பிடத்தை அச்சிலேற்றாமல் இருப்பதே நல்ல பழக்கம். நம் மாநிலத்துக்கு வெளியே உள்ளது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கையொப்பம்

2022ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சிப்பாய் நிலையில் சேர்பவர்கள் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்கிறார்கள். பயிற்சிக் காலமும் அந்நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கம். பதினேழரை வயதிலேயே சேரலாம் என்பதால், பதினெட்டு நிரம்பாதவரின் படிவத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். பெற்றோரின் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களே மிகுதி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நான்காண்டு முடியுமுன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்ள இடமில்லை. மிக அரிதான சூழ்நிலையில், உரிய அதிகாரி இசைந்தால் மட்டுமே விடுவிப்பார்கள். தோல் தொழிற்சாலையிலோ துணிக்கடையிலோ வேலைக்குச் சேர்ந்தவன் 'பிடிக்கவில்லை' என்று மறுநாள் போகாமல் இருந்துவிடலாம். இங்கே அது குற்றம். 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 38ஆம் பிரிவு படையை விட்டு ஓடுவதையும், 39ஆம் பிரிவு விடுப்பின்றி வராதிருப்பதையும் பற்றிப் பேசுகின்றன. போர்ப்பணியில் இல்லாத காலத்திலும் முன்னதற்கு ஏழாண்டு வரையும், பின்னதற்கு மூன்றாண்டு வரையும் சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓடிவந்த ஒவ்வொருவனுக்கும் அவ்வளவு தண்டனை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் ஒரு தாய் பாசத்தோடு சொல்லும் "வந்துடுடா கண்ணு" என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சற்ற நாட்கள்

முதல் நாள் ஒரு செய்தி வரும்: "வந்து சேர்ந்துட்டேன்." பிறகு பேச்சிராது. இதுவே பெற்றோரை முதலில் உலுக்குவது. இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அலைபேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, சிறிது நேரம் கொடுப்பார்கள். மையத்துக்கு மையம் வழக்கம் மாறும். ஞாயிறன்றும் அழைப்பு வரவில்லையென்றால் படைப்பிரிவுக்கு வேறு வேலை இருந்திருக்கும், அல்லது யாரோ ஒருவன் செய்த தவற்றுக்கு அணி முழுவதும் அந்தச் சலுகையை இழந்திருக்கும். ஒருவன் தவறினால் எல்லோரும் அனுபவிப்பது படையின் பழைய பாடமுறை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் அதன் நோக்கம் விளங்காமலில்லை.

இந்த நாட்களில் அங்கே என்ன நடக்கிறது? முடி வெட்டுவார்கள். மீண்டும் மருத்துவச் சோதனை, ஆவணச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு, காப்பீட்டுக்கு வாரிசுப் பெயர் என்று தாள் வேலைகள் நடக்கும். கறுப்புத் தகரப் பெட்டி, கம்பளி, சீருடை, பூட்சு கொடுப்பார்கள். படுக்கையை விரிப்பதற்கும் பெட்டியை அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. கம்பளியின் மடிப்பு பக்கத்துக் கட்டிலின் மடிப்போடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு கவாத்து, ஆயுத வகுப்பு, வகுப்பறைப் பாடம், மாலையில் விளையாட்டு, இரவில் ஆளெண்ணுதல், விளக்கணைப்பு. மதிய உணவுக்குப் பின் கண் சொருகும் நேரத்தில்தான் வகுப்பறைப் பாடம் இருக்கும் என்பது எல்லா மையத்துச் சிப்பாய்களும் சொல்லிச் சிரிக்கும் குறை. நம் கல்லூரியிலும் இரண்டு மணி வகுப்புக்கு இதே நிலைதான் என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் மன்னிப்பார்களாக.

பயிற்சியாளரை அங்கே 'உஸ்தாத்' என்பார்கள். பெரும்பாலும் அவர் ஹவில்தார் அல்லது நாயக் நிலையில் இருப்பவர். அவர் கத்துவார். பெயர் சொல்லிக் கத்துவார், ஊர் சொல்லிக் கத்துவார். வீட்டில் ஒரே பிள்ளையாக, சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளி வளர்ந்தவனுக்கு இது பேரதிர்ச்சி. இக்கூச்சலுக்கு ஒரு பயன் உண்டு. இரைச்சலும் களைப்பும் பதற்றமும் சூழ்ந்திருக்கையில் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது. துப்பாக்கி கையிலுள்ளவன் பதற்றத்தில் தன் விருப்பப்படி எதையும் செய்தால் பக்கத்தில் இருப்பவன் சாவான்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு, அது மொழி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுபவை. அதன் சரி தவறு இக்கட்டுரைக்குரியதன்று. ஆனால் 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தேஜ் சல்', 'பீச்சே முட்' என்று கட்டளைகள் இந்தியில்தான் வரும். வெலிங்டனில் தென்னாட்டவர் நிறைய இருப்பதால் அறைத்தோழனிடம் தமிழிலோ மலையாளத்திலோ கேட்டுக்கொள்ள முடியும். வடக்கே உள்ள மையத்தில் சேர்ந்தவனுக்கு அந்த வசதி குறைவு. என் தம்பி முதல் இரண்டு வாரம் பக்கத்திலிருப்பவன் திரும்பும் பக்கம் பார்த்துத் திரும்பினானாம். அரைக் கணம் பிந்தும். உடனே வசவு விழும். புத்தி குறைந்தவனாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் அளவுக்கு அது அவனைத் தாழ்த்திவிட்டது. புறப்படுமுன் நூறு இந்திச் சொற்களை அவனுக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த வழியனுப்பு இல்லை. எண்கள், திசைகள், உடலுறுப்புகள், உணவு, 'புரியவில்லை', 'வலிக்கிறது' ஆகியவை போதும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குக் கட்டளைச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது பெரிய உதவி.

மூன்றாம் வாரத்து அழைப்பு

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் ஓர் அழைப்பு வரும். படைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். வாரம் முன்பின் மாறலாம், அழைப்பு வந்தே இருக்கும். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

"அம்மா, என்னால முடியல. அப்பாவ வரச் சொல்லு. வந்துடறேன்."

அம்மா அழுதுகொண்டே, "வந்துடுடா கண்ணு, கூழோ கஞ்சியோ இங்கயே குடிக்கலாம்" என்றார். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து சட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார். திண்ணையில் இருந்த பெரியப்பாதான் அலைபேசியை வாங்கினார். ஆறுதல் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

"சாப்புடறியா?"

"சாப்புடறேன் பெரிப்பா. டைம்தான் பத்தல."

"தூங்கறியா?"

"படுத்தா தெரியல."

"எவனாவது கை வச்சானா?"

"இல்ல. திட்டறாங்க."

"சரி. அடுத்த ஞாயித்துக்கெழம பேசு. அப்பவும் இதையே சொன்னீனா நானே வரேன்."

அவ்வளவுதான். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மா பெரியப்பாவோடு பேசவும் இல்லை. அடுத்த ஞாயிறு அழைத்தவன், காலுறை இரண்டு சோடி அனுப்பச் சொன்னான். ஒடிசாக்காரன் ஒருவன் தனக்குத் தமிழ் கற்றுத் தரக் கேட்கிறான் என்றான். துப்பாக்கியைப் பிரித்து மாட்டும் பாடம் தொடங்கிவிட்டது என்றான். 'வந்துடறேன்' என்ற பேச்சே எடுக்கவில்லை. அம்மா அதை நினைவூட்ட வாயெடுத்தபோது அப்பா கையமர்த்தினார்.

அந்த மூன்று கேள்விகளைப் பற்றிப் பின்னர் பலமுறை யோசித்தேன். தாய்ப்பாசம் கேட்கும் கேள்வி "நல்லா இருக்கியா?" என்பது. அதற்கு அழுகைதான் பதிலாக வரும். அந்த அழுகையிலிருந்து எதுவும் தெரியாது. பெரியப்பா கேட்டவை அளந்து பார்க்கக்கூடியவை. பசியும் தூக்கமும் உள்ளவன் களைத்திருக்கிறான், வீட்டை நினைத்து ஏங்குகிறான், உடைந்துபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு இன்னொரு தன்மையும் உண்டு. வாரம் முழுக்க அழ நேரமில்லாதவன் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மொத்தத்தையும் அழுகிறான். அழுது முடித்துவிட்டு அவன் போய்ப் பூட்சு துடைக்கிறான். அதைக் கேட்ட தாய் அடுத்த ஞாயிறு வரை அதையே சுமக்கிறாள். ஆகவே அந்தப் பத்து நிமிடக் குரலைக் கொண்டு மற்ற ஆறு நாட்களையும் கணிக்கக் கூடாது.

பதில் வேறுவிதமாக இருந்தால்? அதையும் சொல்லியாக வேண்டும். யாராவது கை வைத்தால் அது பயிற்சியின் ஒரு பகுதி அன்று. மேல்நிலையில் இருப்பவர் கீழுள்ளவரைத் தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும் அதே இராணுவச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி குற்றம்; அதற்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. வெறும் வசவையும் அடியையும் ஒன்றாக்கிப் பேசுவதும் தவறு, அடியை 'பட்டாளத்தில் அப்படித்தான்' என்று மழுப்புவதும் தவறு. அவ்வாறே பல நாட்கள் தூக்கமில்லை, உணவு இறங்கவில்லை, எவரோடும் பேசப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், அது மூன்றாம் வாரத்து ஏக்கம் அன்று. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது. கம்பெனிக் கமாண்டருக்கு அன்றே செய்தி போக வேண்டும். பிள்ளை புறப்படும்போதே அவனது பயிற்சிப் பட்டாளம், கம்பெனி, அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவற்றை அவன் கிடைத்தவுடன் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். 14416 என்ற எண்ணில் 2022 முதல் நடக்கும் 'டெலி மானஸ்' மனநல உதவியையும் வீட்டார் நாடலாம். மொழிச் சிக்கலால் பேசத் தயங்குவோருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழி காட்டும். அங்கே இருப்பவர்களும் ஒரு காலத்தில் மூன்றாம் வாரத்தில் அழுதவர்களே.

உடம்பு

உடம்பு மாறும். முதலில் இளைப்பான், பிறகு பசி பெருகும். முகம் கறுக்கும். ஒரே கொட்டகையில் முப்பது நாற்பது பேர் தூங்குவதால் சளியும் இருமலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். புதுப் பூட்சு கடித்துக் கொப்புளம் போடும். வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் வேலூரிலிருந்து, மார்கழியில் புல்மேல் உறைபனி படியும் நீலகிரிக்குப் போன பெரியப்பாவுக்கு உதடும் குதிகாலும் வெடித்து இரத்தம் கசிந்ததாம். இவையெல்லாம் வந்து போகிறவை. தொலைபேசியில் கைவைத்தியம் சொல்வதோடு விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் விடக் கூடாது. அது எலும்பு வலி. இதைப் பற்றி நம் விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓட்டமும் கவாத்தும் திடீரென்று கூடும்போது காலெலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறது. பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டுவது அதன் முறை. கரைப்பது விரைவாகவும் கட்டுவது மெதுவாகவும் நடப்பதால், நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்னைவிடச் சற்றே வலுக்குறைந்து நிற்கும். அவ்வேளையில் ஓயாமல் மிதிபட்டால் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலோ பாத எலும்பிலோ மயிரிழை போன்ற விரிசல் விழும். தொடக்கத்தில் ஓடும்போது மட்டும் வலிக்கும்; பிறகு நடக்கும்போதும், கடைசியில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். விரலால் அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தும். தொடக்கத்திலேயே காட்டினால் சில வார ஓய்வில் கூடிவிடும். மறைத்துக்கொண்டு ஓடினால் எலும்பு முழுதாக முறிவதும் உண்டு.

பிள்ளைகள் மறைப்பார்கள். காரணம், மருத்துவ ஓய்வில் பல வாரம் போனால் தன் அணியோடு பயிற்சியை முடிக்க முடியாது, பின்னால் வரும் அணியோடு சேர்ப்பார்கள் என்ற அச்சம். தேர்வுகளில் தேறாதவனையும் அவ்வாறே பின்னணியில் சேர்ப்பதுண்டு. ஆயுதத்தையும் சுமையையும் தாங்கி 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், 9 அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், குறி பார்த்துச் சுட வேண்டும். எல்லோரும் முதல் முறையிலேயே தேறிவிடுவதில்லை. வீட்டார் இதை ஊரில் தலைகுனிவாக எண்ணுவது பிள்ளைக்குத் தெரிந்தால் அவன் வலியை மறைக்கத்தான் செய்வான். நம் கல்லூரியில் ஒரு தாள் நிலுவை வைத்து அடுத்த பருவத்தில் எழுதித் தேறியவர்கள் எத்தனை பேர்! அதைவிடப் பெரிய இழிவு இதில் ஒன்றுமில்லை. "வலிச்சா எம்.ஐ. ரூமுக்குப் போ, ஒரு மாசம் பின்னாடி வந்தா பரவாயில்ல" என்று தந்தையின் வாயால் ஒரு முறை கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளையின் கால் பிழைக்கும். என் அப்பா அதைச் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

நான் பேசிய வீடுகளில் ஒன்றில், மகளை இராணுவக் காவற்படைக்கு அனுப்ப எண்ணியிருக்கிறார்கள். பெங்களூரு மையத்தில் பயிற்சி பெற்ற முதல் பெண்கள் அணி, 83 பேர், 61 வாரப் பயிற்சிக்குப் பின் 2021ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் வெளிவந்தது. அந்தத் தாயின் கேள்விகளும் என் தாயின் கேள்விகளே. கூடுதலாக ஒன்று கேட்டார்: "தலமுடிய வெட்டிடுவாங்களா?"

பணம்

ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்; ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். அக்னிவீரருக்கு முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் சேவை நிதிக்குப் பிடிக்கப்பட்டு 21,000 ரூபாய் கைக்கு வரும். நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய், கைக்கு 28,000. நான்காண்டில் அவனிடம் பிடித்தது 5 லட்சத்து 2 ஆயிரம் அளவுக்கு வரும். அதே அளவு தொகையை அரசும் போட்டு, 10 லட்சத்து 4 ஆயிரம் ரூபாயும் வட்டியும் முடிவில் தருகிறது. வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு அவன் பணம் கட்ட வேண்டியதில்லை. நான்காண்டுக்குப் பின் ஒவ்வோர் அணியிலும் 25 விழுக்காட்டுக்கு மிகாதவர்களே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர்.

இதை அறியாத வீட்டில் நடப்பது என்ன? மகன் 'பட்டாள உத்தியோகம்' என்று சொல்லி வீடு கட்டக் கடன் வாங்குகிறார்கள். பெரியப்பா காலத்துப் பட்டாள உத்தியோகம் வேறு. அதற்கு ஓய்வூதியம் இருந்தது. நான்கு பேரில் ஒருவருக்கு மேல் நிலைக்காத பணியை நம்பிப் பத்தாண்டுக் கடனில் இறங்குவது கூடாது என்பது என் கருத்து. முதல் அணியினர் 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கினர். அவர்களின் நான்காண்டு 2026 இறுதியையும் 2027 தொடக்கத்தையும் ஒட்டி நிறைவுறுகிறது. மத்திய ஆயுதக் காவற்படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு 2022இல் அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆயினும், பணியிலிருக்கும்போதே படிப்பைத் தொடர்வதற்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக ஏற்பாடு இருப்பதைப் பெற்றோர் மகனுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கலாம். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுச் செல்லும் நம் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்க.

பண விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பயிற்சியிலிருக்கும் மகனுக்கு அடிபட்டுவிட்டது, மருத்துவச் செலவுக்கு உடனே அனுப்புங்கள் என்று எவராவது அழைத்தால் ஒரு காசும் அனுப்பலாகாது. படையில் மருத்துவம் இலவசம்.

அணிவகுப்பு நாள்

இப்போது தரைப்படையில் அக்னிவீரர் பயிற்சி 31 வார அளவில் நடக்கிறது. ஏறத்தாழ ஏழு மாதம். அதன் முடிவில் உறுதிமொழி அணிவகுப்பு. தரை, கடல், வான் எவ்வழியாயினும் அனுப்பும் இடத்துக்குச் செல்வேன், உயிருக்கு இடர் வந்தாலும் ஆணைக்குக் கீழ்ப்படிவேன் என்ற கருத்துப்பட அவன் உறுதி கூறுவான். பதினேழரை வயதில் பெற்றோர் கையெழுத்தோடு வந்தவன் இப்போது தன் வாயால் சொல்கிறான். பல மையங்களில் பெற்றோரை அழைத்து அவர்கள் சட்டையில் 'கௌரவ் பதக்' என்ற பதக்கத்தை அணிவிக்கிறார்கள். இவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாராயினும் பெற்ற மனம் அறிந்தவர்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அழைப்புத் தாளில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். என் தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஊரிலேயே அதைத் திருத்த இரண்டு வாரம் ஆயிற்று. அழைப்பு வந்தவுடனே ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். வெலிங்டன் போன்ற மலையிடமாயின் கோடையிலும் ஒரு சால்வை தேவை. அணிவகுப்பில் இருநூறு முந்நூறு பேர் ஒரே உயரத்தில், ஒரே தொப்பியில், ஒரே கறுத்த முகத்தில் வருவார்கள். எது நம் பிள்ளை என்று தெரியாது. எங்கள் அம்மா, முதல் வரிசையில் வந்த யாரோ ஒரு மராட்டியப் பையனைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தம்பி மூன்றாம் வரிசையில் இருந்தான்.

எடுத்த படங்களை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆசை வரும். சீருடை, ஆயுதம், பட்டாளத்தின் பெயர், அடுத்துச் செல்லும் இடம் இவை தெரியும் படங்களைப் போடலாகாது. 2020 ஜூலையில் முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளைத் தன் வீரர்கள் நீக்க வேண்டுமென்று படை ஆணையிட்டது இத்தகைய கசிவுகளுக்கு அஞ்சியே. வீட்டில் மாட்டி வைக்க ஒரு படம் போதும்.

அன்று மாலையே பிள்ளையை ஊருக்கு அழைத்து வந்துவிடலாம் என்று எண்ணி அவனுக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். விடுப்பு எப்போது என்பதை மையம்தான் சொல்லும். ஆண்டுக்கு 30 நாள் என்பது கணக்கு. விடுப்பில் வருகிறவன் முதல் இரண்டு நாட்கள் விடியுமுன் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவான். சமையல் பிடிக்கவில்லையோ என்று அம்மா கேட்பார். மூன்றாம் நாள் முதல் எட்டு மணி வரை தூங்குவான்.